தண்ணீர் கேட்ட தவளை

காட்டோரக் குளம் கோடையில் வற்றிக்கொண்டே வந்தது. அங்கிருந்த நண்டு, ஆமை, தவளை எல்லாரும் கூடி மழைக்காக ஜெபக் கூட்டம் வைத்தார்கள்.

ஆமைதான் ஜெபித்தது. அடேயப்பா, என்ன ஜெபம்! "வானத்தையும் பூமியையும் படைத்தவரே, சமுத்திரத்துக்கு எல்லை போட்டவரே..." என்று உருகி உருகி இழுத்தது. ஆமென் சொன்ன கையோடு ஆற்றைப் பார்த்து நடையைக் கட்டியது. நண்டும் ஈரமான வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ராகேல் தவளை மட்டும் நகரவில்லை. கையகலக் குட்டையில் அவள் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருந்தன. வால் மட்டும் உள்ள தலைப்பிரட்டைகள். கால் முளைக்காத பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவாள்?

"ஆண்டவரே, தண்ணி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே பின்னங்காலால் சேற்றைப் பறித்தாள். கொஞ்சம் தண்ணீர் ஊறியது. மறுபடியும், "ஆண்டவரே, தண்ணி!"

ஆமை திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, இதெல்லாம் ஒரு ஜெபமா? அதான் எல்லாருக்கும் சேர்த்து நான் சொல்லியாச்சே! சொன்னதையே சொல்லி அவரைத் தொந்தரவு பண்ணலாமா?"

"பண்ணுவேன்! உங்களுக்கு ஆறு இருக்கு, அண்ணே. எனக்கு அவரை விட்டா யார் இருக்கா?"

மரத்திலிருந்த காகம் சிரித்தது. "கத்து, நல்லாக் கத்து! குட்டை காயட்டும், எனக்கு விருந்து!"

"நீ இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திரு. பட்டினிதான் உனக்கு!"

நாள் போகப்போக ராகேலுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கால் தோல் உரிந்தது. மழை மட்டும் வரவில்லை. கடைசியில் ஊற்றும் நின்றுபோனது.

ராகேல் வானத்தோடு சண்டைக்கே நின்றாள். "கேக்குதா ஆண்டவரே? என் பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணாம நான் உம்மை விடப்போறதில்லை!"

காகம் இறங்கி வந்து குட்டைக்குள் அலகை விட்டது.

பொடக்கென்று ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. அதற்கு நாலு கால்! பின்னாலேயே இன்னொன்று. பிறகு பொரி தெறிக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் குட்டித் தவளைகள்! எதைப் பிடிப்பது என்று தெரியாமல் காகம் வாய் நிறையச் சேற்றைக் கொத்தியது.

"குதிங்க பிள்ளைகளா! ஆத்துப் பக்கமாக் குதிங்க!" என்று ராகேல் முன்னால் பாய்ந்தாள்.

ஆற்றங்கரையில் வெயில் காய்ந்த ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. "மழையே பெய்யலையே! எப்படிம்மா வந்தீங்க?"

"நான் தண்ணி கேட்டேன், அண்ணே. அவர் கால் கொடுத்தார். தள்ளி உக்காருங்க, பிள்ளைகள் இறங்கணும்!"

மனதாரக் கேளுங்கள், பதில் வருமட்டும் விடாமல் கேளுங்கள். நாம் கேட்டபடியே தராவிட்டாலும் ஆண்டவர் நம்மைக் கைவிட மாட்டார்.