மூன்றாவது மில்லிமீட்டர்

ஓர் ஊரில் ஒரு வாய் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் கயற்கண்ணி டீச்சருடைய வாய். அதில் மேல்வரிசை முன்பல்லுக்கு ஒரு பெரிய மனக்குறை.

டீச்சர் சிரித்தால் பல்லைவிட ஈறுதான் அதிகம் தெரியும். அதனால் புறங்கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். கை வந்து மறைக்கும்போதெல்லாம் முன்பல்லுக்கு ஆத்திரம் பொங்கும்.

"எல்லாம் உன்னால்தான்," என்று அது ஈறோடு மல்லுக்கு நின்றது. "பாதி உடம்புவரை என்னைப் போர்த்தி வைத்திருக்கிறாய். கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டால் என் உயரம் உலகத்துக்குத் தெரியாதா?"

"வேட்டியை மடித்துக் கட்டினால் ஆள் வளர்ந்துவிடுவானா? முழங்கால்தான் தெரியும்," என்றது ஈறு.

ஒருநாள் டீச்சரே பல் டாக்டர் ஜெபராணியிடம் போய் உட்கார்ந்தார். டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரம் விட்டு அளந்தார். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்.

"உங்க பல்லு சின்னது இல்லம்மா. ஈறு இறங்கி மூடியிருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு ரெண்டு மில்லிமீட்டர் எடுத்துடலாம்."

"மூணா எடுத்துடுங்களேன் டாக்டர். பளிச்சுனு தெரியட்டும்."

"வேண்டாம்மா. அதுக்கு மேல போனா வேர் வெளிய வந்துடும்."

கஞ்சப் பிசினாறி என்று முன்பல் டாக்டரை மனசுக்குள் திட்டியது.

சிகிச்சை முடிந்து புண்ணும் ஆறியது. டீச்சர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். முன்பல்லுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைவிட நெட்டையான கோரைப்பல்லைக்கூட 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தது. ஆனாலும் கிடைத்த இரண்டைவிடக் கிடைக்காத ஒன்றுதான் அதை அரித்தது.

கடைசியில் பிரஷ்ஷைக் கூப்பிட்டது. "அந்த மூன்றாவதை நாமே எடுத்துக்கொள்வோம். தினமும் ஈறோரமாகப் பார்த்துத் தேய்."

பிரஷ் சரியான ஆமாம்சாமி. அதன் முடியெல்லாம் முள்ளு முள்ளாக இருக்கும். "உத்தரவு தலைவரே!" என்றது. டீச்சருக்கும் அழுத்தித் தேய்த்தால்தான் தேய்த்த மாதிரி இருக்கும். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலக் காலையும் மாலையும் வேலை நடந்தது.

"டாக்டர் எடுத்தது அளவு பார்த்து. இது கண்மண் தெரியாமல். இப்படிப் பின்வாங்கினால் அப்புறம் நானே நினைத்தாலும் திரும்பி வர முடியாதப்பா," என்று ஈறு கெஞ்சியது.

"பொறாமை," என்றது பல்.

ஈறு பாவம், ஏறிக்கொண்டே போனது. ஒரு வருஷத்தில் மூன்றாவது மில்லிமீட்டரும் கிடைத்துவிட்டது.

பங்குனி வெயிலில் டீச்சர் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் வாங்கினார். முதல் வாயிலேயே முன்பல் "ஐயோ!" என்று அலறியது. அன்றிலிருந்து மோர் பட்டால் கூச்சம், காபி பட்டால் கூச்சம், வெறும் காற்றுப் பட்டாலும் கூச்சம். டீச்சரை விட்டுப் போன கூச்சமெல்லாம் பல்லிடம் குடிவந்துவிட்டது. டீச்சர் சிரிக்க வாய் திறந்தாலே அது நடுங்கியது.

"இறங்கி வந்துடேன் ஈறே! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"வர ஆசைதான். வழிதான் இல்லை," என்றது ஈறு. அதற்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பாடம். டீச்சர் கரும்பலகையில் 'வாடாத மலர்' என்று எழுதினார். பிறகு 'த'வை மட்டும் அழித்தார். முன்பல் உதட்டோரம் நின்று எட்டிப் பார்த்தது.

"ஈறுன்னா கடைசி எழுத்து. அது இங்க கெட்டுப்போச்சு. சொல்லுங்க பார்க்கலாம், ஈறு கெட்ட பிறகு மிச்சம் நிக்குதே, அதுக்குப் பேர் என்ன?"

"எச்சம் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.