விளங்குச்சா?

சுடலை தமுக்கடித்து அரண்மனைச் செய்தி சொல்லுகிறவன். சொல்லி முடித்து, "விளங்குச்சா?" என்பான். "விளங்குச்சு!" என்று ஊரே கத்தும்.

"என்ன தெளிவான பேச்சு!" என்று ராஜா ஒருநாள் மெச்சிவிட்டார். அரண்மனைப் புலவர் அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது.

"தெளிவு என்றால் என்னவென்று இவன் சபையில் சொல்லட்டும். தெரியாவிட்டால் தமுக்கைக் கீழே வைக்கட்டும்" என்றார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க சாமி" என்றான் சுடலை.

புலவர் விளக்கினார், விளக்கினார், ராஜாவே கொட்டாவி விடும்வரை விளக்கினார்.

சுடலை சபையைப் பார்த்து, "விளங்குச்சா?" என்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உடனே தமுக்கைத் தட்டிக் கூவினான்: "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், புலவர் சாமிக்கு என்மேல பொறாமை! விளங்குச்சா?"

"விளங்குச்சு!" என்று சபையே கத்தியது. ராஜாவின் குரல்தான் முந்தியது.

"அதுதான் சாமி தெளிவு" என்றான் சுடலை.