சூறாவளியின் முதல் சீட்

கதையைக் கடைசிவரை கேளுங்கள். முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது, ஆமாம்!

திண்டுக்கல்லைத் தாண்டி நான்குவழிச் சாலை ஓரத்தில் குதூகலபுரி என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அதில் சூறாவளி என்று ஒரு ரோலர்கோஸ்டர். ஏறினால் குடல் தொண்டைக்கு வந்துவிடும். இறங்கினால் மறுபடி ஏறச் சொல்லும். அந்தச் சூறாவளிக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. சிரிக்காதீர்கள். மஞ்சள் பனியன், கொடி, ஞாயிறுதோறும் வண்டியை நிறுத்திவைத்துப் பாலாபிஷேகம், எல்லாம் உண்டு! பூங்கா திறந்த புதிதில் ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டியவர்கள் இவர்கள்தான். அந்த நன்றிக்கு முதலாளி கனகசபை மன்றத்துக்கென்று தனி வாசல் வைத்துக் கொடுத்திருந்தார். வரிசையில் நிற்க வேண்டாம். எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம்.

இவ்வளவு இருந்தும் பூங்கா படுத்துக்கொண்டே வந்தது. ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துக் கனகசபைக்கு மண்டை காய்ந்தது. சூறாவளியைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ‘பேரிடி’ என்று புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துக் கடன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அங்கே வந்ததும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். சனிக்கிழமை மன்றத்தைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது! செயலாளர் மரகதவல்லி மேஜையை ஓங்கித் தட்டினாள். அவள் பழனியில் பைக் ஷோரூமில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற நாட்களை ஓட்டுகிறவள்.

“கட்டுங்கண்ணே! பேரிடியை நினைச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது!”

தலைவர் சகாயராஜும் அவள் கட்சி. பொருளாளர் நூருல் அமீன்தான் முறைத்துக்கொண்டு எழுந்தார். “அண்ணன் நடுத்தெருவுக்கு வந்தாத்தான் நாம ஆட்டம் போடணுமா? டிக்கெட்டைக் குறைங்க, வாய்க்கு ருசியா சாப்பாடு போடுங்க. ஜனம் தானா வரும்.”

கத்தினார்கள், நாற்காலியைத் தள்ளினார்கள், டீ வந்ததும் குடித்துவிட்டு மறுபடி கத்தினார்கள். கனகசபை கையைத் தூக்கினார்.

“நாளைக்கு வர்றவங்கள்ல யாரையாவது மறுபடி வர வச்சுக் காட்டுங்க. யார் ஜெயிக்கிறீங்களோ அவங்க பேச்சைக் கேக்குறேன். சூறாவளியில முதல் சீட்டும் ஆயுசுக்கும் அவங்களுக்குத்தான்.”

முதல் சீட்! மரகதவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த சீட்டுக்காகச் சகாயராஜுடன் அவள் போடாத சண்டையா?

மறுநாள் அபிஷேகத்துக்குப் பால் வாங்கப் போனவள் கேனைத் தூக்கிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தாள். வந்து பார்த்தால் மன்ற வாசல் அடைபட்டிருந்தது. அடைத்தது வேறு யாருமில்லை, மன்றத்துப் பையன்கள்தான்! ‘பேரிடியே வருக’ என்று வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு கட்அவுட். அதைத் தங்கள் வாசலுக்குக் குறுக்கேயே நட்டுவைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கூறுகெட்டவர்கள்! வேறு வழியில்லாமல் அவள் பொது வரிசையில் போய் நின்றாள்.

வரிசை நகரவே இல்லை. முன்னால் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண்கள் நின்றார்கள். அவர்களில் செல்லக்கிளி என்றவள் திரும்பினாள்.

“காலையில இருந்து நிக்கிறோம்க்கா. வண்டி வருது, அந்த மஞ்சச் சட்டைக்காரங்க இறங்காமலே திரும்பப் போறாங்க. அஞ்சு மணிக்கு மில் வேன் கிளம்பிடும்.”

மரகதவல்லி துப்பட்டாவை இழுத்துப் பனியனை மூடிக்கொண்டாள்.

சூறாவளி வந்து நின்றது. வண்டி நிறைய மஞ்சள் பனியன் போட்ட மன்றத்துப் பையன்கள். “அக்கா! பால் வந்துருச்சா? ஓடி வாங்க, முதல் சீட்டு உங்களுக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கோம்!”

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முதல் சீட் காலியாக, கூப்பிடு தூரத்தில். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது; ஆசையும் விடவில்லை.

“இறங்குங்கடா எல்லாரும்.”

“என்னக்கா, விளையாடுறீங்களா?”

“இறங்குங்கன்னா இறங்குங்க!”

முனகிக்கொண்டே இறங்கினார்கள். மில் பெண்கள் ஏறினார்கள். முதல் சீட்டில் செல்லக்கிளி. வண்டி உச்சிக்குப் போய்க் கவிழ்ந்தபோது அவர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! கீழே பால் கேனோடு நின்ற மரகதவல்லியும் சேர்ந்து கத்தினாள்.

சாயங்காலம் மூவரும் கனகசபை முன்னால் நின்றார்கள்.

சகாயராஜ் ஒரு கரூர்க் குடும்பத்துக்குப் பேரிடியின் படத்தைக் காட்டியிருந்தார். “கட்டி முடிக்கட்டும், கண்டிப்பா வர்றோம்னு சத்தியம் பண்ணியிருக்காங்கண்ணே!”

நூருல் அமீன் ஒரு குடும்பத்துக்குத் தன் கைக்காசில் டிக்கெட் எடுத்து, பிரியாணியும் வாங்கிக் கொடுத்திருந்தார். “நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வர்றோம் பாய்னு சொல்லிட்டாங்க.”

“நீ என்னம்மா சொல்றே?”

“எங்க ஆளுங்க வர்றோம்னு சொல்லலண்ணே.”

“அப்புறம்?”

“இன்னும் போகவே இல்ல. அங்க பாருங்க.”

வெளியே மில் வேன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோயிருந்தது. செல்லக்கிளியும் கூட்டாளிகளும் வரிசையின் கடைசியில், மறுபடி, சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள். கனகசபை யார் பேச்சைக் கேட்க வேண்டும்? முதல் சீட் யாருக்கு?

*விடை:* மரகதவல்லிக்குத்தான். கரூர்க்காரர்கள் ஆசைப்பட்டது இன்னும் கட்டாத ஒன்றுக்கு. பாயின் விருந்தாளிகள் ஆசைப்பட்டது இலவசத்துக்கு. மில் பெண்கள் மட்டுமே குதூகலபுரியில் ஏற்கெனவே இருப்பதற்காகத் திரும்பி வந்து நின்றார்கள். பூங்காவில் குறை ஒன்றுமில்லை; ஏற இடம்தான் கிடைக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் அதை உயிராக நேசித்தவர்களே. “பேரிடி வேண்டாம்ணே, எங்க வாசலை மூடுங்க” என்றாள் மரகதவல்லி. கனகசபை பேனாவை மூடினார், வீடு தப்பியது. அபிஷேகப் பால் வரிசையில் நின்றவர்களுக்கு டீயாகப் போனது. ஆயுசுக்கும் ஜெயித்த முதல் சீட்டை அவளே சொன்ன பேச்சால் அவளே இழந்தாள். வரிசைதான் சட்டம் என்றால் அது அவளுக்கும் சட்டம். அடுத்த ஞாயிறு வெயிலில் நின்றாள், கடைசி சீட்தான் கிடைத்தது. அவள் போட்ட கூச்சல் பூட்டிய மன்ற வாசல்வரை கேட்டதாம்!