மாட்டுத் தரகரின் பிறப்புப் பதிவு

“எவனோ ஒரு படுபாவி என் பக்கத்தைக் கிழிச்சுட்டான். அவன் கை விளங்குமா? வந்து எனக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க அவனை.”

தாலுகா அலுவலகப் படிக்கட்டில் நின்று இப்படி ஏசிக்கொண்டிருந்தவர் மாட்டுத் தரகர் சங்கிலி. வயது அறுபத்திரண்டு. சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாரென்றால் அதன் வயதில் ஒரு மாதம் பிசகாது. அவருடைய பிறப்புக்குத்தான் சாட்சி கிடைக்கவில்லை.

சித்தப்பா மகன் வழக்குப் போட்டிருந்தான். சங்கிலி பெற்ற பிள்ளையில்லையாம். எங்கிருந்தோ தூக்கிவந்து வளர்த்த பிள்ளையாம். அப்பாவின் கிணற்றடி வயலில் அவருக்கு ஒரு சாண்கூடக் கிடையாதாம். வியாழக்கிழமைக்குள் பிறப்புப் பதிவைக் கொண்டுவராவிட்டால் வயலை மறந்துவிடச் சொல்லிவிட்டார் வக்கீல். மூன்று முறை மனுப் போட்டாயிற்று. மூன்று முறையும் ‘பதிவு இல்லை’.

படிக்கட்டுக்குக் கீழே மனு எழுதும் அமலோற்பவத்துக்கு நாற்பது வயதுதான். ஆனால் எந்தக் காலத்துக் காகிதமானாலும் கிடக்கும் இடம் சொல்வாள். வக்கீல் குமாஸ்தாக்களே அவளிடம் பாடம் கேட்பதுண்டு. சங்கிலி அவள் முன்னால் போய்க் குந்தினார்.

“இன்னைக்கு நீதான் தாயி எனக்குக் குரு. கிழிச்சவன் யாருன்னு மட்டும் சொல்லு.”

சொன்னபடியே துண்டை விரித்து நீட்டினார், அடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுவதற்கு. சந்தைப் பழக்கம். அமலோற்பவம் துண்டின்மேல் பேனாவை வைத்தாள்.

“விரலை மடக்குங்க அண்ணாச்சி. பிறந்த கன்னுக்குட்டியை எங்க தேடுவிய?”

“இது ஒரு கேள்வியா? தாய் நின்ன தொழுவத்துல.”

“கன்னோட சேர்த்து மாட்டை வாங்குனவன் தொழுவத்துல தேட மாட்டியளா?”

“அங்க ஓட்டிட்டுப் போறது பிறகுல்லா? கன்னு விழுந்த இடம் வேற. இதுகூடத் தெரியாமலா குருன்னு உட்கார்ந்திருக்கே?”

“மனுவுல எந்த ஊரு எழுதினிய?”

“எங்கப்பா ஊரு. வேற எந்த ஊர்க்காரன் நான்?”

“உங்கம்மாவுக்கு நீங்க எத்தனாவது?”

“தலைப்பிள்ளை.”

அமலோற்பவம் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பேசாத ஆளிடம் சங்கிலிக்குப் பேரம் ஓடாது. கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார்.

“தலைப்பிரசவம்... தாய்வீட்டுல...” என்றவர் சட்டென்று முகத்தைச் சுளித்தார். “அந்த ஊரா? ஒரு காளை விஷயமா எங்க மாமனுக்கும் எனக்கும் தகராறு. முப்பது வருஷமா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்லை.”

“பிறப்பு ஏட்டுக்கு உங்க தகராறு தெரியாதே.”

நாலாவது மனுவை அவளே எழுதி, அவரைப் பதிவறைக்குக் கூட்டிப்போனாள். பதிவறை எழுத்தர் பக்கத்து அலமாரியிலிருந்து அந்த ஊர் ஏட்டை இறக்கினார். தூசி மூவரையும் தும்ம வைத்தது. அமலோற்பவம் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“தகப்பன் மாடக்கண்ணு.”

“எங்கப்பாதான்.”

“தாய் பேச்சியம்மாள்.”

“அம்மாதான் தாயி. அம்மாதான்.” சங்கிலியின் குரல் இறங்கிவிட்டது.

“ஆண் குழந்தை.”

“பேரு?”

பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

இறங்கிய குரல் திரும்ப ஏறிற்று. “பாத்தியா? பக்கத்தைக் கிழிக்கலை, பேரைத் தின்னுருக்கான். மாடக்கண்ணுக்கு ஒரு பிள்ளை பிறந்துச்சு, அது நான் இல்லேன்னு சித்தப்பன் மகன் கோர்ட்டுல சிரிக்கப்போறான். யாரு அவன்? காட்டு, இன்னைக்கு விடமாட்டேன்.”

எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தார். “பிறந்த மூணாம் நாள் எழுதினது, பெரியவரே. மூணு நாள் பிள்ளைக்கு ஏது பேரு? பேரு வச்ச பிறகு வந்து சொன்னா எழுதுவாங்க. யாரும் வரலை. பள்ளிக்கூடச் சான்றோட வந்தா இப்பவும் ஏத்திக்கலாம்.”

சங்கிலி அதைக் காதில் வாங்கவில்லை. “எவன்னு சொல்லு தாயி.”

அமலோற்பவம் ஏட்டை அவர் பக்கமாகத் திருப்பி, அந்த வெற்றுக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இந்தா இருக்காரு அண்ணாச்சி. அறுபத்திரண்டு வருஷமா இதைக் காலியாப் போட்டுட்டு ஊரெல்லாம் சுத்துறாரு. வியாழக்கிழமைக்கு முன்ன வந்து சரிபண்ணிட்டுப் போகச் சொல்லுங்க அவரை.”