நம்பிக்கை எந்த வகை?

சேந்தனாரின் தருக்கப் பள்ளியில் உலகத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஏதாவதொரு வகையில் அடங்கியாக வேண்டும். குடம் பொருள். அதன் சிவப்பு குணம். அது உருண்டால் செயல். பரண்மேல் இருந்தால், குடத்துக்கும் பரணுக்கும் உறவு. மாணவர்கள் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது என்ன வகை என்று வரையறுத்து இலக்கணம் சொல்வார்கள்.

வணிகத்தை விட்டுவிட்டு நாற்பது வயதில் படிக்க வந்த நக்கண்ணன் எடுத்த சொல் நம்பிக்கை.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. பௌர்ணமிதோறும் ஒரு மாணவன் ஆசிரியருக்குத் தலை மழிக்க வேண்டும். காயம் படாமல் முடித்தால் முறை அடுத்தவனுக்குப் போகும். கீறிவிட்டால், அடுத்த பௌர்ணமிக்கும் அவனேதான்.

போன பௌர்ணமியில் நக்கண்ணன் ஆசிரியரின் காதைக் கீறிவிட்டான். ரத்தம் தோளில் வழிந்ததை அவனால் மறக்க முடியவில்லை. மறுபடியும் கத்தியைத் தொடாமல் தப்பிக்க ஒரு வழி தேடினான். வழி இலக்கணத்திலேயே கிடைத்தது.

பௌர்ணமிக் காலையில் ஆசிரியர் முன் போய் நின்றான்.

"ஐயா, நம்பிக்கை ஒரு குணம். ஒருவன் ஒரு வேலையில் தவறாமல் இருப்பதைக் கண்டு, இன்னொருவன் மனத்தில் உண்டாகும் உறுதி அது."

"தவறிவிட்டால்?"

"உறுதி போய்விடும். அதனால் நீங்கள் என்னை நம்ப முடியாது. கத்தியை வேறு யாரிடமாவது கொடுப்பதுதான் முறை."

"இந்த இலக்கணத்தை நம்பிக்கைக்காகச் செய்தாயா, கத்திக்குப் பயந்து செய்தாயா?"

நக்கண்ணன் தரையைப் பார்த்தான். "இரண்டும்தான், ஐயா."

"சரி. பயந்தவன் சொன்ன இலக்கணத்திலும் பாதி தேறும். வெந்நீர் கொண்டு வா."

சேந்தனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். நக்கண்ணன் அவர் தலையை நனைத்து, உச்சியிலிருந்து மழிக்கத் தொடங்கினான்.

"இப்போது நான் உன்னை நம்புகிறேனா?"

"என் இலக்கணப்படி இல்லை, ஐயா."

"பின்னே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்?"

"வழக்கத்துக்காக."

"வழக்கத்துக்காக நான் பாகற்காயைக்கூடத் தின்றதில்லை. தலையைக் கொடுப்பேனா?"

நக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கொஞ்சம் இளகியது. உச்சி முடிந்தது, பிடரி முடிந்தது. காதருகே வந்ததும் கத்தி தானாக நின்றது.

"ஐயா, இங்கே மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கத்தி சறுக்குவதுபோல் பட்டால் சட்டென்று விலகிக்கொள்ளுங்கள்."

சேந்தனார் கண்களை மூடி, தலையை முழுவதுமாக அவன் உள்ளங்கையில் சாய்த்தார்.

"நான் விலகினால்தான் வெட்டும், நக்கண்ணா."