விரல் கட்டும் சில்லாட்டமும்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாயிருந்த ஒரு நாட்டில், மாறவேள் என்ற அரசருக்குத் தச்சுவேலையில் திடீர் ஆசை வந்தது. கருங்காலிக் கட்டையில் சதுரமும் முக்கோணமும் சாய்சதுரமுமாகச் சில்லுகளைத் தம் கையாலேயே அறுத்தார். அவற்றை வைத்து ஆட ஒரு சதுரப் பலகையும் செய்தார். அதன் நட்டநடுவில் ஒரு தாமரைக் குமிழ். இருவருக்கும் ஒரே மாதிரிச் சில்லுகள். மாறி மாறி வைக்க வேண்டும். வைக்க இடமில்லாதவர் தோற்றவர்.

அறுக்கும்போது அரசரின் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. மறுநாள் சபையில் எல்லோர் கட்டைவிரலிலும் கட்டு. ராஜபக்தி அந்த நாட்டில் அப்படித்தான் தொற்றும். பேரமைச்சர் நல்லசிவனார் இரண்டு விரல்களில் போட்டிருந்தார். விகடகவி குழைக்காதன் மட்டும் வெறும் விரலோடு வந்தான்.

அமைச்சருக்கு இது போதாதா? இவன் தங்களைப் பின்பற்றாதவன் என்று அரசரிடம் வத்தி வைத்தார். அரசரோடு ஆடவிட்டுச் சோதிக்கலாம் என்று யோசனையும் சொன்னார். வென்றால் அரசரை அவமதித்த குற்றம். தோற்றால் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஏமாற்றிய குற்றம். இரண்டுக்கும் நாடுகடத்தல். அரசருக்கு இது நியாயமாகவே பட்டது. குழைக்காதன் பாடுதான் திண்டாட்டம். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவான்?

அரசர் முதல் சில்லை வைத்தார். குழைக்காதன் அதே வடிவச் சில்லை எடுத்து, குமிழுக்கு நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் வைத்தான். அரசர் மூலையில் வைத்தால் இவன் எதிர்மூலையில் வைத்தான். அரசர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்; இவன் யோசிக்கவே இல்லை. அரசருக்கு இடம் கிடைத்தபோதெல்லாம் எதிரே இவனுக்கும் கிடைத்தது. கடைசியில் அரசர் கையில் சில்லோடு பலகையெங்கும் தேடினார். இடமில்லை.

நல்லசிவனாரின் முகம் மலர்ந்தது. "அரசரையே வென்றுவிட்டான். ஆணையிடுங்கள், அரசே."

"நான் எங்கே அரசே ஆடினேன்?" என்றான் குழைக்காதன். "தாங்கள் வைத்ததையே நானும் வைத்தேன். தங்களைப் பின்பற்றவில்லை என்று அமைச்சர் குறைப்பட்டார்; இன்று பின்பற்றினேன். அது குற்றமென்றால், என்னைவிடப் பழைய குற்றவாளிகள் விரலில் கட்டோடு நிற்கிறார்கள்."

அரசர் பலகையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். எல்லோரையும் கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஒரு விரலில்கூடக் கீறல் இல்லை. அமைச்சருக்குத்தான் அவிழ்க்க அதிக நேரம் பிடித்தது.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். பலகையையும் சில்லுகளையும் குழைக்காதனுக்கே பரிசளித்தார். அமைச்சரின் கையில் ரம்பத்தைக் கொடுத்தார்.

"எனக்குப் புதுச் சில்லுகள் வேண்டும். நீரே அறுத்துத் தாரும். பிறகு எத்தனை விரலில் வேண்டுமானாலும் கட்டுப் போட்டுக்கொள்ளும்."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அரசர் சிரித்ததால் சபையும் சிரித்தது.