உள்ளே வர மறுத்த ஒச்சம்மா

கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் தென்னந்தோப்புக்குள் ஆட்டைத் தேடி நுழைந்தாள் என்று ஒச்சம்மா மேல் அத்துமீறல் வழக்குப் போட்டிருந்தார் மில் முதலாளி தில்லைநாயகம். உதிர்ந்த மட்டையைக்கூட யாரும் மிதிக்கக் கூடாது அவருக்கு. இந்த மாதிரி வழக்கெல்லாம் அந்தக் கோர்ட்டில் ஐந்து நிமிஷம்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, கோர்ட் கலையும்வரை மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கோர்ட் டவாலி அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். "இங்கதான் இருக்கேன்!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

நீதிபதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உள்ளே வாம்மா!"

"மாட்டேன் ஐயா. இந்தக் கட்டடமும் முதலாளி வாடகைக்கு விட்டதுதானே? வந்தா இன்னொரு கேஸ் போடுவாரு."

"வராவிட்டால் வாரண்ட்!"

"அப்ப அவரைச் சம்மதம் எழுதித் தரச் சொல்லுங்க. போன வாய்தாவுக்குத் தெரியாம உள்ள வந்துட்டேன், அதையும் சேர்த்து எழுதணும்."

தண்டனை வாங்கித் தரும் அவசரத்தில் தில்லைநாயகம் பத்திர பாணியிலேயே எழுதினார்: 'சர்வே எண் 112-க்குள் ஒச்சம்மா இதுவரை வந்ததும் இனி வருவதும் என் சம்மதத்தோடுதான்.'

நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். "தோப்பு எந்த சர்வே எண்?"

தில்லைநாயகம் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். "அதுவும்... நூற்றுப் பன்னிரண்டுதாங்க."

வழக்குத் தள்ளுபடி. அப்புறம்தான் ஒச்சம்மா படியேறி வந்தாள்.

"ஐயா, ஆடு இன்னும் தெருவிலேயே நிக்குது. அதுக்கும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க."